இழுப்பு நின்றுவிட்டது, அப்பா எழவில்லை: வயதானவர்களுக்கு வரும் நீண்ட வலிப்பு

#1 உசிலைக்காரன்

நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரமாக யாரிடமும் இதை முழுதாகச் சொல்லவில்லை.

அப்பாவுக்கு 71 வயது. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். இரண்டு வருடம் முன்பு பக்கவாதம் வந்து இடது கை கொஞ்சம் தளர்ந்தது. மற்றபடி மாடு பிடித்துக் கட்டுவார், டீக்கடை வரை நடந்து போய் வருவார். வலிப்பு என்று ஒருநாளும் வந்ததில்லை. அன்று விடியற்காலை தொழுவத்தில் பால் செம்பு உருண்ட சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், இடது கட்டைவிரல் மட்டும் வெட்டி வெட்டி இழுக்கிறது. அவரும் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். "என்னடா இந்தக் கை சொன்ன பேச்சு கேக்கல" என்றார். அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். பேசிக்கொண்டிருக்கும்போதே இழுப்பு தோளுக்கு ஏறி, வாய் ஒரு பக்கம் கோணி, ஆள் சரிந்துவிட்டார்.

அப்புறம் தெருவே வைத்தியம் பார்த்தது. ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். பெரியப்பா கரண்டிக் காம்பை வாய்க்குள் விட்டார். அப்பாவின் பல்செட் உடைந்ததுதான் மிச்சம். யாரோ வெங்காயத்தை நசுக்கி மூக்கில் வைத்தார்கள். நான் மட்டும் என்ன, இரண்டு காலையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எவ்வளவு நேரம் இழுத்தது என்று பிறகு டாக்டர் கேட்டபோது, "அஞ்சு நிமிஷம் இருக்கும் சார்" என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தேன். ராத்திரி ஃபோனை எடுத்துப் பார்த்தால், அண்ணனுக்குக் கூப்பிட்டது 5.41. நூற்றியெட்டுக்குக் கூப்பிட்டது 6.04. நூற்றியெட்டில் பேசும்போதும் இழுப்பு நிற்கவில்லை. இருபத்து மூன்று நிமிடம்! அவ்வளவு நேரம் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

வண்டி வருவதற்குள் பக்கத்து வீட்டுக் காரில் ஏற்றி, வழியில் ஓர் ஆஸ்பத்திரியில் நிறுத்தினோம். பெயர் வேண்டாம். ஊசி போட்டார்கள், கை கால் இழுப்பு நின்றது. "ஊசி மயக்கம்தான், தூங்கி எந்திருச்சிருவார்" என்றார்கள். நாங்களும் நிம்மதியாகக் காபி குடிக்கப் போனோம். மணி பத்தாயிற்று, பன்னிரண்டாயிற்று, எழவில்லை. அம்மாதான் முதலில் கவனித்தாள். இமையை விலக்கினால் இரண்டு விழியும் இடப்பக்கமாக ஒதுங்கி நின்றன. இமை ஓரம் மட்டும் விட்டு விட்டுத் துடித்தது. சொன்னோம். "அது அப்படித்தாம்மா இருக்கும்" என்று பதில் வந்தது. ஒரு மணிக்கு நாங்களே கையெழுத்துப் போட்டுக் கிளப்பி, மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே இ.இ.ஜி. (மூளையில் ஓடும் கரண்டைப் பதிவு செய்யும் சோதனை) எடுத்த பிறகுதான் தெரிந்தது, உடம்பில் நின்றுபோன வலிப்பு மூளையில் நிற்கவேயில்லை.

ஐ.சி.யு.வில் ஒன்பது நாள். இப்போது வீட்டில் இருக்கிறார். பேச்சு வந்துவிட்டது, என்னைத் தெரிகிறது, மாட்டின் பெயர் தெரியவில்லை.

எனக்கு மூன்று சந்தேகம். எழுபது வருடம் வராத வலிப்பு இப்போது ஏன் வந்தது? மறுபடி வந்தால் வீட்டில் என்ன செய்வது? மூக்கில் அடிக்கும் ஸ்பிரே ஒன்று இருக்கிறதாமே, இந்த வயதில் அதைக் கொடுக்கலாமா?

#2 வைகைத்தண்ணி

தம்பி, படித்ததும் வயிறு கலங்கிவிட்டது. ஃபோனில் நேரம் பார்த்தீர்களே, அது பெரிய விஷயம். எங்கள் சித்தப்பாவுக்கு வந்தபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வியும் அதுதான். ஆளுக்கொரு நேரம் சொன்னோம்.

#3 ஊர் வைத்தியர்

நான் பொது மருத்துவன், நரம்பியல் நிபுணன் அல்ல. உங்கள் அப்பாவைப் பார்க்காமல் அவருக்கென்று எதுவும் சொல்ல மாட்டேன். பொதுவாகச் சொல்கிறேன்.

முதல் கேள்வி. வயதானவர்களுக்குப் புதிதாக வலிப்பு வருவதற்கு முதல் காரணமே பக்கவாதம்தான். அடைப்பு வந்து செத்துப்போன இடத்தில் தழும்பு விழுகிறது. மாதக்கணக்கிலோ வருடக்கணக்கிலோ கழித்து அந்தத் தழும்பின் ஓரத்திலிருந்து வலிப்பு கிளம்பும். உங்கள் அப்பாவுக்கு இடது கை தளர்ந்தது என்றால் பாதிப்பு மூளையின் வலப்பக்கம். இழுப்பு இடது கட்டைவிரலில் தொடங்கியது, கண் இடப்பக்கம் போனது எல்லாம் அதே கணக்கில்தான் வருகிறது. உங்கள் அம்மா பார்த்தது சாதாரண விஷயமில்லை. விழி ஒரு பக்கமே ஒதுங்கியிருந்து இமையும் துடித்தால், அது வெறும் ஊசித் தூக்கம் என்று விட்டுவிடக் கூடாது.

அடுத்து, நேரம். பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே அடங்கிவிடும். ஐந்து நிமிடம் தாண்டிவிட்டால் தானாக நிற்பது அரிது. முன்பெல்லாம் பாடப் புத்தகத்தில் நிற்காத வலிப்புக்கு எல்லை முப்பது நிமிடம் என்று இருந்தது. 2015இல் வலிப்பு நோய்க்கான சர்வதேச அமைப்பு அதைப் பிரித்தெழுதியது: உடம்பு முழுக்க இழுக்கும் வலிப்பு என்றால் ஐந்து நிமிடத்தில் சிகிச்சை தொடங்க வேண்டும், முப்பது நிமிடம் தாண்டினால் மூளைக்கு நிரந்தரச் சேதம் வரலாம். இப்படி நிற்காமல் நீளும் வலிப்பைத்தான் டாக்டர்கள் 'ஸ்டேட்டஸ்' என்பார்கள்.

ஏன் தானாக நிற்பதில்லை? மூளையில் துடிப்பை அடக்குவதற்கென்று காபா ஏற்பிகள் இருக்கின்றன. வலிப்பு நீள நீள அவை செல்லின் மேற்பரப்பிலிருந்து உள்ளே போய்விடுகின்றன. கலவரம் முற்றியதும் காவல்காரர்களே ஸ்டேஷனுக்குள் போய்த் தாழிட்டுக்கொண்ட மாதிரி. நாம் போடும் முதல் ஊசி, லோராசெபமோ மிடசோலமோ, அந்தக் காவல்காரர்களை வைத்துத்தான் வேலை செய்கிறது. அவர்கள் வாசலில் இருக்கும்போதே போட்டால் கேட்கும். முக்கால் மணி நேரம் கழித்துப் போட்டால் அதே ஊசி பாதிகூடக் கேட்காது.

அதனால்தான் சொல்கிறேன், "நேரா மதுரைக்கே போயிருவோம்" என்று முதல் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். உசிலம்பட்டியிலிருந்து செக்கானூரணி, நாகமலை புதுக்கோட்டை தாண்டி, கோரிப்பாளைய நெரிசலில் நுழைவதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும். ஊசி போடக்கூடிய பக்கத்து ஆஸ்பத்திரிக்கு முதலில் போங்கள். அங்கே போட்டுக்கொண்டு, அப்புறம் பெரிய இடத்துக்கு மாற்றுங்கள்.

#4 ஜல்லிக்கட்டு ராசா

எல்லாம் சரி டாக்டர். ஆனால் எங்கள் ஊரில் சாவி கொடுத்ததும் நின்றதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒருமுறை அல்ல, நாலு முறை. பெரியவர்கள் சும்மாவா சொல்லிவைத்தார்கள்?

#5 வெள்ளைக்குல்லா

ராசா தம்பி, காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை அது. காக்காவலிப்புக்கு ரொம்பப் பொருத்தமான பழமொழி! இரண்டு நிமிடத்தில் தானாக நிற்கப் போகிற வலிப்புக்கு, சாவி தேடி எடுத்து வர இரண்டு நிமிடம் ஆகிறது. பேர் சாவிக்குப் போய்விடுகிறது.

நான் ஐ.சி.யு.வில் இருபது வருடத்துக்கு மேல் நர்ஸாக இருந்தவள். கரண்டி, துணி, விரல் என்று வாயில் விட்டு எத்தனை பல் உடைந்து வந்திருக்கிறது தெரியுமா? உடைந்த பல்லும் பல்செட் துண்டும் மூச்சுக்குழாயில் போனால் வலிப்பைவிட அது பெரிய வம்பு. உசிலைக்காரரே, அப்பாவின் பல்செட்டில் உடைந்த துண்டு எல்லாம் கிடைத்ததா? கிடைக்காவிட்டால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கீழே விழுந்து அடிபடாத இடத்தில் படுக்க வையுங்கள். தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்தால் எச்சில் வெளியே வடியும். அமுக்கிப் பிடிக்காதீர்கள், வயதானவர்களுக்குத் தோள்பட்டை விலகும், எலும்பு முறியும். தண்ணீர், காபி, மாத்திரை எதுவும் வாயில் ஊற்றக் கூடாது. ஒருவர் மணி பார்க்கட்டும், ஒருவர் நூற்றியெட்டுக்குப் பேசட்டும், இன்னொருவர் வீடியோ எடுக்கட்டும். வீடியோ எடுக்கக் கூச்சப்படாதீர்கள். எந்தக் கையில் ஆரம்பித்தது, கண் எந்தப் பக்கம் போனது என்று நீங்கள் பத்து நிமிடம் சொல்வதை அது பத்து நொடியில் காட்டிவிடும்.

வலிப்பு நின்ற பிறகு எழுந்திருக்கும் விதத்தையும் பார்க்க வேண்டும். குழப்பமாக இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்துகொண்டே வர வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முனகலாவது வர வேண்டும். அரைமணி, ஒரு மணி ஆகியும் ஒரு படியும் ஏறவில்லை என்றால், "மயக்கந்தான்" என்று யார் சொன்னாலும் விடாதீர்கள், "இ.இ.ஜி. எடுக்கணுமா சார்?" என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்றால் கோபிக்கட்டும்.

#6 மேலூர் மருமகள்

எங்கள் வீட்டில் இழுப்பே இல்லாமல் நடந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

மாமியாருக்கு 78. ஒருநாள் காலை அடுப்படியில் நின்றபடி முந்தானையை மடித்தார், பிரித்தார், மடித்தார். "என்னத்தே?" என்றால் "ஆமா... ஆமா" என்பார். உதட்டைச் சப்புக்கொட்டிக்கொண்டே இருந்தார். பத்து மணிக்குத் தெளிவாகப் பேசினார், பதினோரு மணிக்கு மறுபடி அதே "ஆமா". சாயங்காலம் சாப்பாட்டுத் தட்டை வைத்தால் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார், கை போகவில்லை. புத்தி தடுமாறிவிட்டது என்று வீட்டுக்காரர் சொன்னார். நாத்தனார் கோடாங்கியைக் கூட்டிவந்தார். உடுக்கை அடித்து, திருநீறு போட்டு, "பாதையில பயந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சத்தத்திலும் அத்தை முந்தானையைத்தான் மடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஸ்கேன் எடுத்தோம், புதிதாக ஒன்றும் இல்லை என்றார்கள். மனநல டாக்டரிடம் போகச் சொன்னார்கள். நல்லவேளை, அந்த மனநல டாக்டர்தான் "விட்டு விட்டு வருதா? முதல்ல இ.இ.ஜி. பார்த்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினார். எடுத்தால், இரண்டு நாளும் வலிப்பிலேயே இருந்திருக்கிறார்! திரையில் கோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கோடு தணிந்தது. அத்தை திரும்பிப் பார்த்து, "ஏம்மா, அடுப்புல பால் வச்சேனே, இறக்குனியா?" என்று கேட்டார். பால் வைத்தது முந்தாநாள் காலை. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

#7 ஊர் வைத்தியர்

அம்மா, உங்கள் பதிவை எங்கள் ஜூனியர்களுக்கு வாசித்துக் காட்டலாம். இழுப்பில்லாத இந்த வகைதான் வயதானவர்களிடம் அதிகம் தவறிப்போகிறது. ஞாபக மறதி, ஜன்னி, பக்கவாதம், பேய் என்று எது வேண்டுமானாலும் பேர் வைத்துவிடலாம். திடீரென்று வந்த குழப்பம், தெளிவும் மயக்கமுமாக மாறி மாறி வருவது, சப்புக்கொட்டுதல், ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்தல், இவை சேர்ந்தால் சந்தேகப்பட வேண்டும். மறதி நோய் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வரும், ஒரே காலையில் வராது. ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்பதால் வலிப்பு இல்லை என்றாகாது. ஸ்கேன் காட்டுவது வீட்டின் சுவரை, உள்ளே கரண்ட் ஓடுவதை இ.இ.ஜி.தான் காட்டும்.

உசிலைக்காரரின் அப்பா விஷயமும் இதன் தம்பிதான். இழுக்கும் வலிப்பை ஊசியால் நிறுத்தியபின் இ.இ.ஜி. வைத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 1998இல் வந்தது. ஏறக்குறைய ஏழில் ஒருவருக்கு வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே தொடர்ந்துகொண்டிருந்தது.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. வலிப்பு நின்றதும் அந்தப் பக்கக் கை கால் சில மணி நேரம், சிலருக்கு ஒன்றிரண்டு நாள்கூட, செயலற்றுக் கிடந்து தானாகத் திரும்பும். மறுபடி பக்கவாதம் என்று வீட்டில் பதறுவார்கள். அப்படி நினைத்துப் பதறி ஓடிவருவதே நல்லது, எது என்று நாங்கள் பார்த்துச் சொல்கிறோம்.

#8 தல்லாகுளம் தாத்தா

எனக்கு 66. என் அனுபவம் வேறு மாதிரி. வலது வாயோரமும் வலது கையும் சில நிமிடத்துக்கு ஒருமுறை துடிக்கும். நினைவு தப்பவில்லை, பேப்பர் படித்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு நாள் இப்படி. நரம்புத் தளர்ச்சி என்று பேத்தி தைலம் தேய்த்தாள். சர்க்கரை பார்த்தால் 480க்கு மேல். மாத்திரையை ஒரு மாதம் நானாக நிறுத்தியிருந்தேன், ஏன் என்று கேட்காதீர்கள். குளுக்கோஸ் இல்லாத சலைனும் இன்சுலினும் ஏற்றினார்கள், துடிப்பு அடங்கியது. வலிப்பு மாத்திரை சில வாரம் கொடுத்து நிறுத்திவிட்டார்கள். அதனால் வயதானவர்களுக்கு எது வந்தாலும் முதலில் விரலில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். குறைந்தாலும் வலிப்பு வரும், கூடினாலும் வரும்.

#9 சீட்டு பார்ப்பவன்

மருந்துக்கடை வைத்திருக்கிறேன். தாத்தா சொன்னதோடு இன்னும் ஒன்று, உப்பு. பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை, அதோடு உப்பில்லாப் பத்தியம், நடுவில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. ரத்தத்தில் சோடியம் விழுந்து வலிப்போடு போனவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று தூக்க மாத்திரை. பத்து வருடமாகத் தினமும் அல்பிரசோலம் போட்ட அம்மா ஒருவர், "பழக்கமாகிவிடும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரே நாளில் நிறுத்தினார். மூன்றாம் நாள் வலிப்பு. பழகிய உடம்பில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். குடியை ஒரே நாளில் விட்டாலும் இதே கதைதான். வலிக்குக் கொடுக்கும் டிரமடாலும் சிலருக்கு வலிப்பைக் கிளப்பும். முழங்கால் வலிக்குப் பழைய சீட்டைக் காட்டி அதை வாங்க வருகிறவர்களிடம் நான் சண்டை போடுவது இதனால்தான். வியாபாரம் போனால் போகட்டும்.

#10 உசிலைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. பல்செட் துண்டு மூன்றும் கிடைத்துவிட்டது அக்கா, எக்ஸ்ரேவும் எடுத்துவிட்டார்கள்.

ஸ்பிரே பற்றி யாரும் சொல்லவில்லையே? அண்ணன் வேண்டாம் என்கிறார். மூச்சு நின்றுவிடும் என்று பயப்படுகிறார்.

#11 ஊர் வைத்தியர்

அண்ணன் பயப்படுவதில் பாதி நியாயம் இருக்கிறது. அந்த ஸ்பிரேயில் இருக்கும் மிடசோலம் மூச்சை மட்டுப்படுத்தக்கூடிய மருந்துதான். ஆஸ்துமா, நுரையீரல் நோய், குறட்டையோடு மூச்சு நிற்கும் நோய், ஏற்கெனவே தூக்க மாத்திரை எல்லாம் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஆனால் நிற்காத வலிப்பும் மூச்சைக் கெடுக்கிறது, அதை மறந்துவிடுகிறோம். 2012இல் அமெரிக்காவில் ஆம்புலன்ஸ்களில் நடந்த ஒரு பெரிய சோதனையில், தொடையில் போட்ட மிடசோலம் ஊசியால் 73 சதவீதம் பேருக்கு ஆஸ்பத்திரி சேர்வதற்குள் வலிப்பு நின்றிருந்தது. நரம்பில் லோராசெபம் போட்டவர்களில் 63 சதவீதம். நரம்பு தேடும் நேரம் மிச்சமானதுதான் காரணம். வயசாளி என்று பயந்து பாதி அளவு போடுவது எங்கள் ஆட்களே செய்யும் தவறு.

ஸ்பிரே உங்கள் அப்பாவுக்கு வேண்டுமா, எத்தனை முறை அடிப்பது என்பதை நரம்பியல் டாக்டர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் அந்த அளவைப் பாட்டில் மேலேயே ஒட்டிவையுங்கள். ஐந்தாம் நிமிடம் அடிக்க வேண்டியது, அதுவும் ஒருக்களித்துப் படுக்க வைத்தபின். அடித்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது, நூற்றியெட்டு வந்தே ஆக வேண்டும்.

அதன் பிறகும் நிற்காவிட்டால் இரண்டாம் கட்ட மருந்து: லெவெடிராசிடம், ஃபாஸ்ஃபெனிட்டாயின், வால்புரோயேட். 2019இல் இந்த மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், மூன்றுமே ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் கேட்டன. அதற்கும் கேட்காவிட்டால்தான் ஐ.சி.யு., மயக்க மருந்து, வென்டிலேட்டர்.

#12 ஜல்லிக்கட்டு ராசா

மனசைத் தேற்றும்படி ஒன்று சொல்லுங்கள் டாக்டர். வயசானவர்கள் இதில் பிழைக்கிறார்களா, இல்லையா?

#13 ஊர் வைத்தியர்

பொய் சொல்ல மாட்டேன் தம்பி. அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் எடுத்து 1996இல் வெளியிட்ட கணக்கில், ஸ்டேட்டஸ் வந்த முதியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இறந்திருந்தார்கள். ஆனால் எல்லோருக்கும் ஒரே விதி இல்லை. காரணம் என்ன என்பதைப் பொறுத்தது. மூச்சு நின்று மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் வந்த வலிப்பும், மாத்திரையை விட்டதால் வந்த வலிப்பும் ஒன்றல்ல. மாத்திரையை விட்டதால் வந்தது நன்றாகவே தேறும்.

#14 வெள்ளைக்குல்லா

வீட்டுக்கு வந்தபிறகு மாத்திரைதான் உயிர். பக்கவாத மாத்திரை, பிரஷர் மாத்திரை, வலிப்பு மாத்திரை எல்லாம் ஒரே டப்பாவில் கலந்து கிடந்தால் ஒன்று தவறும். வலிப்புக்குக் கொடுக்கும் லெவெடிராசிடம் சிறுநீரகம் வழியாகப் போகிற மருந்து, அதனால் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) பார்த்துத்தான் அளவு வைப்பார்கள். சிலருக்குச் சிடுசிடுப்பு வரும். "அப்பா இப்படிக் கத்தமாட்டாரே" என்று நினைத்தால் மாத்திரையை நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். விரதம், திருவிழா, கல்யாணம் என்று ஒருவேளையும் தவறக் கூடாது. சித்திரைத் திருவிழாவுக்கு அழகரைப் பார்க்க ஆற்றுக்கு வந்து, ராத்திரி மாத்திரையை ஊரிலேயே விட்டுவிட்டு வந்து அட்மிட் ஆனவரை நான் பார்த்திருக்கிறேன்.

#15 உசிலைக்காரன்

நேற்று நரம்பியல் ஓ.பி.க்குப் போய் வந்தோம். ஸ்பிரே எழுதிக் கொடுத்தார். நுரையீரலைச் சோதித்துவிட்டு அண்ணனிடமும் பேசினார், அண்ணன் அரை மனதாகச் சரி என்றிருக்கிறார். அளவை எழுதி ஒட்டிவிட்டேன். தொழுவத்துக்கு எதிர்ச் சுவரில் ஒரு கடிகாரம் மாட்டியிருக்கிறேன். பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, "மாட்டுக்கு எதுக்குடா கடியாரம்?" என்றார். கரண்டி விஷயத்தில் அவர் முகம் இன்னும் சுண்டித்தான் இருக்கிறது, நான் ஒன்றும் சொல்லவில்லை.

இன்று காலை அப்பா மாட்டைத் தட்டிக்கொடுத்து "லட்சுமி" என்று கூப்பிட்டார். லட்சுமி மூன்று வருடம் முன்பு விற்ற மாடு. அம்மா திருத்தவில்லை, மாடும் கோபித்துக்கொள்ளவில்லை. புதிய பல்செட்டுக்கு அளவெடுக்க வெள்ளிக்கிழமை திருமங்கலம் போகிறோம். போய் வந்து எழுதுகிறேன்.